5 பேர், 16 பக்கம், 50 பிரதி

படம் முடிந்து வந்து டீக்கடையில் நின்றபடியே ஒரு மணி நேரம் பேசுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பேச்சில் பாதி மறுநாள் காலையில் யாருக்கும் நினைவிருக்காது. வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டாலும் இரண்டே நாளில் ‘இனிய காலை வணக்கம்’ பூக்களுக்கு அடியில் புதைந்துவிடும். மதுரையில் எங்கள் ஐந்து பேருக்கும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. வங்கியில் வேலை பார்ப்பவன் ஒருவன், பள்ளி ஆசிரியை ஒருத்தி, படம் வரைபவள் ஒருத்தி, மருந்துக்கடைக்காரர் ஒருவர், அப்புறம் நான். ஒருநாள் எரிச்சலில், பேசினதையெல்லாம் தாளில் போட்டு ஒரு சிறு இதழாக்கினால் என்ன என்று தோன்றியது. இதுவரை நான்கு இதழ் கொண்டுவந்திருக்கிறோம். நான்கும் ஜெராக்ஸ்தான்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கி 1970 வரை ‘எழுத்து’ என்ற சிற்றிதழை நடத்தினார். தான் வெளியிட்ட புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். 1970இல் சென்னையில் நண்பர்கள் சிலர் கூடி, ‘வல்லின மாத ஏடு’ என்று சொல்லிக்கொண்டு ‘கசடதபற’வைக் கொண்டுவந்தார்கள். அதற்கெல்லாம் முன்பிருந்தே ஊருக்கு ஊர் பள்ளிக்கூடப் பையன்கள் ஒரே ஒரு பிரதி கையெழுத்துப் பத்திரிகை எழுதிச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். நமக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அவர்களுக்கு அதுவும் இல்லை. நீங்களும் ஒன்று கொண்டுவர, நாங்கள் செய்வதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. தேதியை முதலில் குறியுங்கள்

இதழுக்குப் பெயர் தேடுவதில் இறங்காதீர்கள். நாங்கள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை அதில் தொலைத்தோம். பெயர் கடைசி வாரத்தில் தானாக வரும். இன்றிலிருந்து எட்டாவது வாரம் ஒரு சனிக்கிழமையைக் குறித்து, அன்று மடித்துத் தைக்கிறோம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டால் போதும். நான்கு பேருக்குக் குறைந்தால் ஒருவர் தலையில் எல்லாம் விழும். ஏழு பேருக்கு மேல் போனால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை என்றாகிவிடும். ஐந்து நல்ல எண், காரணம் கீழே வருகிறது.

2. எழுதுவதற்கு முன்பே பக்கங்களைப் பங்கு போடுங்கள்

அச்சகத்துக்காரர்கள் 16 பக்கத்தை ஒரு ஃபாரம் என்பார்கள். நமக்கு அந்த ஒரு ஃபாரம் போதும். ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ5 பக்கம். நான்கு தாள் என்றால் 16. அட்டைக்குத் தனியாக ஒரு தடித்த தாள்.

முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒற்றையாக நிற்கும். நடுவில் 2 முதல் 15 வரை, திறந்து வைத்தால் எதிரெதிரே தெரியும் ஏழு ஜோடிப் பக்கங்கள். ஐந்து பேருக்கு ஐந்து ஜோடி. ஒரு ஜோடி ஓவியத்துக்கு. மிச்சமிருக்கும் ஒன்றை நாங்கள் ‘சண்டைப் பக்கம்’ என்கிறோம். ஒரே படத்தைப் பற்றி இரண்டு பேர் எதிரெதிராக எழுதுவது அதில்தான்.

ஓவியத்துக்கு 8–9 ஜோடியைக் கொடுங்கள். அது மட்டும்தான் ஒரே தாளின் ஒரே பக்கத்தில் விழும், படம் நடுவில் உடையாது. மற்ற ஜோடிகளில் இடது பக்கம் ஒரு தாள், வலது பக்கம் வேறு தாள். குறுக்கே ஓடும் கோடு அங்கே பொருந்தாது. எங்கள் முதல் இதழில் ரயில் ஒன்று 4ஆம் பக்கத்தில் கிளம்பி 5ஆம் பக்கத்தில் தண்டவாளத்தை விட்டு அரை அங்குலம் இறங்கி ஓடியது.

ஆளுக்கு இரண்டு பக்கம் என்றால் ஏறக்குறைய 320 சொற்கள். குறைச்சலாகத் தெரியும். நண்பர்களுக்குள் ‘உன்னுடையது நீளம், என்னுடையதை ஏன் வெட்டினாய்’ என்ற பேச்சை இந்த எண்தான் தடுக்கிறது. வெட்டச் சொல்வது தாள், ஆள் இல்லை.

3. எதைப் படிப்பது, எதைப் பார்ப்பது

முதல் இதழுக்கு ஒரு நாவலையும் அதிலிருந்து வந்த படத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு தானாகக் கிளம்பும். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யும், அதைத் தழுவி மகேந்திரன் எடுத்த ‘உதிரிப்பூக்க’ளும் (1979) நல்ல ஜோடி. குறுநாவலை ஒரே மாலையில் முடித்துவிடலாம். படம் கதையை விட்டு எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கிறது என்பதிலேயே மூன்று பேர் எழுத விஷயம் இருக்கிறது. இன்னொரு ஜோடி பூமணியின் ‘வெக்கை’யும் ‘அசுர’னும் (2019). நாவலில் நாம் பெரும்பாலும் சிறுவன் சிதம்பரத்தோடு காட்டில் ஒளிந்து திரிகிறோம். படமோ அப்பாவின் தோளுக்கு மாறிவிடுகிறது. எங்கள் முதல் சண்டைப் பக்கம் இந்த மாற்றத்தைப் பற்றியதுதான். மருந்துக்கடைக்காரர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

நாவலில் ஒரே பிரதி வாங்குங்கள். ஆளுக்கு ஒரு வாரம். பென்சிலால் ஓரத்தில் எழுதலாம், ஆளுக்கொரு குறியீடு. மூன்றாவது ஆள் கைக்கு வரும்போது நாவலைப் படிப்பதோடு முந்தின இருவரின் முணுமுணுப்பையும் படிப்பார். ‘இவன் பொய் சொல்கிறான்’ என்று ஒருவர் எழுதியதற்குக் கீழே ‘பயப்படுகிறான்’ என்று இன்னொருவர். நாவல் வரிகளை வெள்ளைத்தாளால் மறைத்து அந்த ஓரங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து இரண்டாம் இதழின் கடைசிப் பக்கத்தில் போட்டோம். இதுவரை வந்ததில் எனக்குப் பிடித்த பக்கம் அது.

ஐந்து வாரத்தில் ஐந்து பேர் படித்து முடிக்க 150 பக்கத்துக்குள் இருக்கும் நாவல்தான் சரி. தடித்த நாவலை எடுத்தால் இரண்டாம் ஆளிடமே தங்கிவிடும்.

4. எழுதுவது

எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். உட்கார்ந்ததும் கை தானாகக் கதைச் சுருக்கம் எழுதத் தொடங்கும். முதல் பத்தி இயக்குநர், இரண்டாவது கதை, மூன்றாவது ‘ஒளிப்பதிவு கண்ணுக்கு விருந்து’, கடைசியில் ‘இரண்டாம் பாதியில் சற்றுத் தொய்வு’. இதை எழுத நண்பர் எதற்கு?

நாங்கள் பின்பற்றும் முறை இது. படம் முடிந்த அன்று இரவு, தூங்குவதற்கு முன், போனைத் தொடாமல் மூன்று விஷயத்தைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். கதை வேண்டாம், கண்ணிலும் காதிலும் நின்றவை போதும். யாரோ கதவைச் சாத்திய விதம், ஒரு சட்டையின் நிறம், தட்டில் சோறு விழுந்த சத்தம். பத்து நாள் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். மூன்றில் எது இன்னும் உயிரோடு இருக்கிறதோ அதுதான் உங்கள் இரண்டு பக்கம். மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள்.

அந்த ஒரு காட்சியைப் படம் பார்க்காதவனுக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். கதைக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் இடமில்லை. பிறகு அது உங்களுக்கு ஏன் ஒட்டிக்கொண்டது என்று யோசியுங்கள். காரணம் அனேகமாகப் படத்துக்கு வெளியே, உங்கள் வீட்டில் இருக்கும். வங்கி நண்பன் ஒரு படத்தில் அப்பா செருப்பைக் கழற்றும் காட்சியைப் பற்றி எழுதினான். இரண்டாம் பக்கத்தில் அவன் அப்பா ஓய்வுபெற்ற அன்று அலுவலகச் செருப்பைப் பரணில் தூக்கிப் போட்டது வந்தது. 15 வருடமாகப் பழகுகிறோம், எங்களில் யாருக்கும் அது தெரியாது.

எழுதி முடித்ததும் ஒரு சல்லடை. ‘வாழ்ந்திருக்கிறார்’, ‘செதுக்கியிருக்கிறார்’, ‘வேற லெவல்’, ‘நெஞ்சைத் தொடும்’, ‘மெல்லிய சோகம் இழையோடும்’. இவற்றில் எது இருந்தாலும் அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஒன்றும் தோன்றவில்லையா, அந்த வாக்கியம் அங்கே தேவையே இல்லை.

படம் பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுதலாம். ஆனால் எந்த நிமிடத்தில் போனை எடுத்தீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். பிடிக்காததைப் பற்றி நன்றாக எழுதுவது கடினம். எனக்கு இன்னும் கைகூடவில்லை.

5. வரைவது

‘எனக்கு வரைய வராது’ என்று நான்கு பேர் சொல்வார்கள். ஜெராக்ஸுக்கு வரைவதற்கு வேண்டியது கறுப்பு மையும் வெள்ளைத் தாளும்தான், திறமை அப்புறம். பென்சிலின் சாம்பல் நிழல் பிரதியில் அழுக்காகத் தெரியும், அல்லது காணாமலே போகும். நீல பால்பாயிண்ட் வெளிறிவிடும். நிழல் வேண்டுமென்றால் நெருக்கமாகக் கோடு கோடாக இழுங்கள். கோடு எவ்வளவு செய்யும் என்று பார்க்க ஆசையிருந்தால் ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். 1969இல் அவர் வரைந்த காந்தி வரிசை இருக்கிறது, பத்திரிகைகளில் கதைகளுக்கு வரைந்தவையும் இருக்கின்றன.

ஒற்றைப் பக்க ஓவியம் என்றால் ஏ4 அளவில் பெரிதாக வரைந்து, கடையில் 71 சதவீதத்துக்குக் குறைக்கச் சொல்லுங்கள். சரியாக ஏ5 ஆகும். குறையும்போது கையின் நடுக்கமும் குறைந்து தெரியும், வராதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் மிக மெல்லிய கோடு கரைந்துவிடும். 0.5 மி.மீ.க்குக் குறைந்த பேனா வேண்டாம்.

படத்திலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடாதீர்கள். உரிமை அடுத்தவருடையது, கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் அது தார் ஊற்றியதுபோலத்தான் வரும் என்பது வேறு விஷயம். அதற்குப் பதிலாக நாங்கள் தற்செயலாகக் கண்டுபிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. படத்தைப் பார்க்காதவரிடம் வரையக் கொடுங்கள். பார்த்தவர் காட்சியை வாயால் சொல்ல வேண்டும், கேட்டவர் வரைய வேண்டும். ஆசிரியை ஒரு காட்சியைச் சொல்லும்போது ‘தண்ணி எடுக்கிற இடத்துல நிக்கிறா’ என்றாள். வரைபவள் ராட்டினம் போட்ட கிணறு வரைந்தாள், அவளுடைய ஆச்சி வீட்டுக் கிணறு. படத்தில் இருந்தது தெருமுனை அடிபம்பு. மாற்றவில்லை. கீழே ‘படத்தில் இது அடிபம்பு’ என்று ஒரு வரி மட்டும் போட்டோம்.

6. திருத்துவது, முகம் கோணாமல்

இதில் ஒரு தவறு செய்திருக்கிறேன். முதல் இதழில் நண்பன் ஒருவனின் கடைசிப் பத்தியை அவனைக் கேட்காமல் ‘நன்றாக்கி’ விட்டேன். அச்சில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் இதழுக்கு எழுதவும் இல்லை.

அப்புறம் வந்த விதி: யாரும் அடுத்தவர் கட்டுரையில் ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது. எடுக்கச் சொல்லலாம், எடுப்பது எழுதியவர் கை. எல்லோரும் கூடி உட்கார்ந்து, ஒருவர் எழுதியதை வேறொருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிப்பவர் தடுக்கி விழும் இடத்தில் ஒரு புள்ளி. பெரும்பாலும் விளக்கமே தேவைப்படாது. தன் வாக்கியத்தில் இன்னொருவர் மூச்சு வாங்குவதைக் கேட்டாலே எழுதியவருக்குப் புரிந்துவிடும். அன்று தின்பதற்கு ஏதாவது இருக்கட்டும். வெறும் வயிற்றில் விமர்சனம் கேட்க யாராலும் முடியாது.

மெய்ப்புப் பார்ப்பது வேறு வேலை, அதை வேறு நாளில் செய்யுங்கள். சந்திப்பிழை, ஒற்று, ர–ற. எழுதியவர் தன்னுடையதையே மெய்ப்புப் பார்த்தால் ஒன்றும் அகப்படாது.

7. டம்மி

கணினியைத் தொடுவதற்கு முன் வெற்றுத் தாளில் ஒரு டம்மி செய்யுங்கள். நான்கு ஏ4 தாளை அடுக்கி நடுவில் மடித்து, புத்தகம்போலப் புரட்டி 1 முதல் 16 வரை எண் போடுங்கள். பிறகு பிரித்துப் பாருங்கள். முதல் தாளில் ஒரு புறம் 16–1, மறுபுறம் 2–15. அடுத்தது 14–3, 4–13. மூன்றாவது 12–5, 6–11. கடைசி 10–7, 8–9. எந்தப் புறத்திலும் இரண்டு எண்ணையும் கூட்டினால் 17 வர வேண்டும். வராவிட்டால் எண் போடும்போது எங்கோ ஒரு பக்கம் தவறியிருக்கிறது. இந்த டம்மியை ஜெராக்ஸ் கடைக்கும் கையோடு கொண்டுபோங்கள். வாயால் விளக்குவதைவிட அதைக் காட்டுவது சுலபம்.

8. தட்டச்சும் பக்க வடிவமும்

கையாலேயே எழுதினால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். எங்கள் மூன்றாம் இதழ் முழுக்கக் கையெழுத்துதான், பலருக்கு அதுதான் பிடித்தது.

தட்டச்சு என்றால் யுனிகோடிலேயே செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போதும். பக்க அளவு ஏ5, சுற்றிலும் ஒன்றரை செ.மீ. விளிம்பு. ஜெராக்ஸ் மிஷின் தாளின் ஓரத்தில் அரை செ.மீ. அளவுக்கு எதையும் அச்சிடாது, எனவே விளிம்பில் கஞ்சத்தனம் வேண்டாம். எழுத்தின் அளவு 11 புள்ளி (பாயிண்ட்). வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள்: தமிழில் மேலே கொக்கி, கீழே சுழி என்று இரண்டு பக்கமும் கை நீட்டும் எழுத்துகள், நெருக்கினால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். 11 புள்ளி எழுத்துக்கு 16 புள்ளி வரி இடைவெளி நன்றாக இருக்கும்.

கடைக்குக் கொண்டுபோக வேண்டியது பிடிஎஃப். வேர்ட் கோப்பாகக் கொண்டுபோனால் அங்கே உங்கள் எழுத்துரு இல்லாமல் போகலாம். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று ‘கொ’ சிதறிக் கிடக்கலாம்.

9. கடையில்

காலை பத்து மணிக்குப் போங்கள். மாலையில் கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்ட் வரிசையில் நின்றால் கடைக்காரருக்கு உங்கள் முகத்தைப் பார்க்கவே நேரமிருக்காது. ‘புக்லெட்’ என்று பிரிண்ட் செட்டிங்கில் இருக்கிறது, அதைப் போட்டால் 17 கணக்கை மிஷினே பார்த்துக்கொள்ளும். பேக் டு பேக் எடுக்கும்போது தாள் குட்டைப் பக்கமாகத் திரும்ப வேண்டும். நீளப் பக்கமாகத் திரும்பினால் பின்பக்கமெல்லாம் தலைகீழாக வரும். ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்து, புரட்டிப் பார்த்த பிறகுதான் 50 என்று சொல்ல வேண்டும். நாங்கள் பார்க்காமல் சொன்னோம். 50 தலைகீழ் இதழ்களின் தாள்கள் இப்போது ஆசிரியை வீட்டில் கோலம் வரைந்து பார்க்கப் பயன்படுகின்றன.

உள்தாள் 75 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). அதைவிட மெல்லிசாக இருந்தால் பின்பக்க எழுத்து தெரியும். அட்டைக்கு ஏறக்குறைய 200.

பணக் கணக்கு: ஒரு பிரதிக்கு எட்டுப் புறம், 50 பிரதிக்கு 400 புறம். உங்கள் கடையில் புறத்துக்கு ஒன்றரை ரூபாய் என்றால் 600. அட்டை ஐந்து ரூபாய் என்றால் 250. மொத்தம் 850, ஆளுக்கு 170. ஒரு சினிமா டிக்கெட்டும் பாப்கார்னும். பணத்தை முதல் வாரமே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள், கடைசியில் வசூலிப்பது அசிங்கம். யாருக்காவது கையில் இல்லையென்றால் அவர் மடிப்பு வேலையைக் கூடுதலாகச் செய்யட்டும். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, பாத்திக் (மெழுகு வைத்துச் சாயமேற்றும்) துணி செய்து விற்ற காசுதான் கைகொடுத்தது. கலைக்குக் கைவேலை சோறு போடுவது பழைய ஏற்பாடு.

10. மடிப்பும் தையலும்

குறித்த சனிக்கிழமை. தரையில் பாய் விரியுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

நான்கு தாளையும் அட்டையையும் சேர்த்து மடித்து, ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பாலோ கரண்டியின் முதுகாலோ அழுத்தி ஓட்டுங்கள். சாதாரண ஸ்டேப்ளரின் வாய் நடுமடிப்பு வரை எட்டாது. சில கடைகளில் நீளக் கை ஸ்டேப்ளர் வைத்திருப்பார்கள், ‘சென்டர் பின்’ என்று கேளுங்கள். எங்களுக்குத் தையல்தான் பிடித்தது. மடிப்பில் மூன்று துளை, நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று. நடுத்துளையில் உள்ளேயிருந்து ஊசியை வெளியே விடுங்கள். மேல் துளை வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். உள்பக்கமாகவே நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த் துளை வழியாக வெளியே. மறுபடி நடுத்துளையில் உள்ளே. இப்போது நூலின் இரு முனையும் நீண்ட தையலின் இரண்டு பக்கமும் இருக்கும்படி வைத்து, அதைச் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். பத்துப் பிரதிக்குப் பிறகு கை தானாகப் போகும். பேச்சும் அப்போதுதான் தொடங்கும். அடுத்த இதழுக்கு என்ன படம் என்று முடிவாவது எங்களுக்கு எப்போதும் இருபதாவது பிரதிக்கும் முப்பதாவது பிரதிக்கும் நடுவில்தான்.

உள்தாள்கள் ஓரத்தில் லேசாகத் துருத்திக்கொண்டிருக்கும். கட்டிங் மிஷினில் கொடுத்து வெட்டலாம், விடலாம். நாங்கள் விட்டுவிடுகிறோம்.

11. கொடுப்பது

சிற்றிதழ்களின் அட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று பார்த்திருப்பீர்கள். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். குறித்த இடைவெளியில் பொதுவில் வெளிவருகிற இதழாக வளர்ந்தால் பதிவு செய்ய வேண்டிவரலாம். பத்திரிகைப் பதிவுக்கான 2023ஆம் ஆண்டின் சட்டம் 2024 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது.

ஆளுக்குப் பத்துப் பிரதி. எழுதுகிறவர்களுக்கும் விமர்சகர்களுக்கும் அனுப்பிப் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். அம்மாவிடம் கொடுங்கள், பக்கத்து மேசைக்காரரிடம் கொடுங்கள். மருந்துக்கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு பிரதியை நூலில் கட்டித் தொங்கவிட்டார். மாத்திரைக்கு நிற்கிறவர்கள் புரட்டுகிறார்கள். ஒருநாள் சர்க்கரை மாத்திரை வாங்க வந்த பெரியவர் ஒருவர் கிணறு படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, ராட்டினத்தில் கயிறு தப்பான பக்கம் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனாராம். நான்காம் இதழின் முதல் பக்கத்தில் திருத்தம் போட்டோம், புதுக் கயிறோடு.